ஐப்பசியில் வெந்த சேனைக்கிழங்கு

எனக்கு வயது எழுபத்தாறு. நாலு பிள்ளைகளை வளர்த்தவள். நாலு பேரையும் முட்டைகூடத் தொடாத கையால் சோறு போட்டு வளர்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். அப்படித் திரிந்தவளின் வாயில்தான், 1991ஆம் வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மெஸ்ஸில், சம்பந்தியாகப் போகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, ஆட்டுக்கறி விழுந்தது. (விழுந்தது என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. நானேதான் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.)

அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பேர் உலகத்துக்கே தெரிந்துபோன வருஷம். அது பெரிய துக்கம், அதைப் பேச நான் ஆளில்லை. நான் சொல்வது எங்கள் வீட்டுச் சின்னத் துக்கம்.

அப்போது நாங்கள் பக்கத்து மண்ணூரில் இருந்தோம். இரண்டாவது பிள்ளை சேகர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் காலேஜில் சேர்ந்து, சிநேகிதர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். படிப்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவன் எங்கே சாப்பிடுகிறான், அந்தச் சட்டியில் முன்னால் என்ன வெந்தது என்பதுதான் கவலை. கேட்டால் “கெடச்ச எடத்துல சாப்டறேம்மா” என்பான். ஆனால் ஆள் நன்றாகச் சதை போட்டிருந்தான். சாம்பார் சாதத்தில் ஒருவனுக்குக் கழுத்து அப்படித் தடிக்குமா என்று நான் அன்றே யோசித்திருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு நாள் நானே பஸ் ஏறிப் போனேன். காலேஜ் பிள்ளைகளை நம்பி அங்கே இருந்த ஓட்டல்களை எல்லாம் நேரில் பார்த்து, என் பிள்ளைக்கு ஏற்றது எது என்று முடிவு செய்துவிட்டு வருவது என்று கிளம்பினேன். கலெக்டர் விசாரணைக்குப் போகிற மாதிரி, இருந்ததில் நல்ல சுங்குடிச் சேலை வேறு.

முதலில் கோயில் தெருவில் ஒரு காபி ஓட்டல். சாம்பாரில் பருப்பைத் தேடிக் கையை விட்டேன், இலைதான் தட்டுப்பட்டது. இரண்டாவது கடையில் சுத்த சைவம் என்றார்கள், கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலேயே முட்டை அடுக்கியிருந்தது. கேட்டதற்கு அந்த ஆள், முட்டை எழுந்து நடக்குதா, ஓடுதா, அதுவும் சைவம்தான் என்று எனக்கே பாடம் எடுத்தான். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மூன்றாவதாகப் போனதுதான் அந்த மெஸ். ஓலைக் கூரை, சாணி மெழுகின தரை, சாமி படத்துக்குத் துளசி மாலை. நடத்துகிற அம்மா நெற்றியில் நாமம் வைத்திருந்தாள். யாரையும் கேட்காமல் நேராகச் சமையல்கட்டுக்குள் போய் மூடிகளைத் திறந்து பார்த்தேன். கத்திரிக்காய்க் காரக்குழம்பு, பூசணிக்காய்க் கூட்டு, வாழைப்பூ வடை. அந்த அம்மா கோபித்துக்கொள்ளாமல் ஒரு வடையை எடுத்து என் கையில் வைத்தாள். சாப்பிட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பிள்ளையை இனிமேல் இங்கேதான் விடப்போகிறேன் என்றேன்.

“இந்த மாசம் பூரா ஒரு கவலையும் இல்லம்மா. தைரியமா அனுப்புங்க” என்றாள்.

கவலை இல்லை என்பது மட்டும் என் காதில் நின்றது. வாசலில் சாக்கட்டியால் எழுதின ஒரு சிலேட்டும் மாட்டியிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து அசைத்துத்தான் எனக்குப் படிக்க வரும். காலேஜ் பிள்ளைகள் நடக்கிற தெருவில் அப்படி நின்று படிக்க என் சுங்குடிச் சேலை இடம் கொடுக்கவில்லை.

சேகரிடம் போய், மெஸ்ஸைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னேன். எந்த மெஸ் என்று கேட்டான். சொன்னதும் அவன் முகம் பௌர்ணமி மாதிரி மலர்ந்தது. அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை என்று எனக்கு ஒரே பெருமை.

இப்போது பெரியவள் செல்வியின் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குக் குன்றத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குக் கம்பெனி வேலை. மாதம் தவறாமல் கிருத்திகைக்கு மலை ஏறுகிற குடும்பம். பையனின் அம்மா பெண் பார்க்க வந்தபோது நகை நட்டு என்று வாய் திறக்கவில்லை. “எங்களுக்கு வேற ஒண்ணும் வாணாம் அண்ணி. சுத்த சைவ வூட்டுப் பொண்ணா இருந்தா போதும்” என்றார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் வீட்டுப் பக்கம் கருவாட்டுக்காரிகூடக் கூவ மாட்டாள் என்றேன். கேட்காமலே, நான் எட்டாவது வரை படித்தவள் என்றும் சேர்த்துச் சொன்னேன். (நான் பள்ளிக்கூடத்துக்குப் போனது மாடு அந்தப் பக்கம் மேய்ந்த நாட்களில் மட்டும்.)

பையன் போகும்போது செல்வியைத் திரும்பிப் பார்த்தான். அன்று சாயந்திரம் அவள் கிணற்றில் தண்ணீர் இறைத்து இறைத்து, நிரம்பின குடத்திலேயே ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

புரட்டாசியில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. அதனால் ஐப்பசி பிறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர்ப் பெருமாள் கோயிலில் இரண்டு வீட்டாரும் சந்தித்து, பேசி முடிப்பது என்று ஏற்பாடு. முடிவாகும் வரை பெண் வீட்டில் அவர்கள் கை நனைக்க மாட்டார்கள், நாங்களும் அவர்கள் வீட்டில் சாப்பிட முடியாது. பொதுவாக ஓர் ஓட்டலில் சாப்பிடலாம் என்று பையனின் அம்மாவே சொன்னார். அன்று கோயிலிலிருந்து வெளியே வந்ததும் கோயில் தெருக் காபி ஓட்டலைக் காட்டினார். எனக்குப் பொறுக்குமா? என்னிடம் ஒரு மெஸ் இருக்கிறதே.

சேகர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். “அம்மா, இன்னிக்கு அங்க வாணாம்மா. சொன்னா கேளு.”

ஏன் என்று கேட்டால் எச்சிலை விழுங்குகிறான். ஏன் என்று சொன்னால் அவனுக்கு அது எப்படித் தெரியும் என்ற கேள்வி வருமே, பாவம். சம்பந்தி வீட்டார் முன்னால் சும்மா வாடா என்று அதட்டினேன்.

மெஸ் வாசலில் திருவிழாக் கூட்டம். சைவச் சாப்பாட்டுக்கு இத்தனை கூட்டமா பாருங்கள் அண்ணி, காலம் கெட்டுவிட்டது என்று யார் சொன்னது என்றேன். மழை பெய்து எனக்கு மூக்கு அடைத்திருந்தது. பையனின் அம்மா மட்டும் வாசனை ஒரு மாதிரி இருக்கிறதே என்றார். அது பட்டை, சோம்பு வாசனை, படிக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும் என்று நான் விளக்கம் கொடுத்தேன்.

வரிசையாக இலை போட்டார்கள். பையன் தன் தண்ணீர் டம்ளரை எதிரே இருந்த செல்வியின் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்தான், அவளுக்கு இன்னும் வைக்கவில்லை என்று. அவள் இலையைப் பார்த்துச் சிரித்தாள். இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்கு அந்த டம்ளர்தான் தெரிகிறது.

சோற்றின்மேல் குழம்பு விழுந்தது. பரிமாறினவன் ஓடுகிற ஓட்டத்தில் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பையன் வீட்டார் நான் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். நான் பிசைந்து, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, மென்று, தலையை ஆட்டினேன்.

“சேனைக்கெழங்கு எப்டி பதமா வெந்துகீது பாருங்க அண்ணி. இந்தப் பக்குவம் வூட்ல வராது.”

அவரும் ஒரு துண்டை எடுத்தார். கை வாய்க்குப் பாதி வழி போயிருக்கும். வாளியோடு திரும்பி வந்தவன் சேகரைப் பார்த்துவிட்டான்.

“இன்னா சேகரு, ஒரு மாசம் காஞ்சி பூட்டியா? உனுக்குத் தலைக்கறி தனியா எடுத்து வெச்சிகிறேன்.”

அந்த அம்மா துண்டை இலை ஓரமாக வைத்துவிட்டு, இது என்ன என்று அவனைக் கேட்டார்.

“மட்டன்மா. வெள்ளாடு. நல்ல எளசு.”

“அப்போ போன மாசம்?” என்றேன் நான்.

“போன மாசம் புரட்டாசிம்மா. வாசல்லயே எழுதி மாட்டியிருந்தோமே.”

வருஷம் முழுக்கப் புரட்டாசியாகவே இருக்கிற வீட்டுக்காரிக்குப் புரட்டாசி என்று ஒன்று தனியாக எங்கே தெரியும்? ஊரே அந்த மாதம் கறியை விடும், ஐப்பசி முதல் ஞாயிறு எல்லாம் சேர்த்துத் தின்னும் என்பது சின்னக் குழந்தைக்குத் தெரியும். எனக்கு உறைக்கவில்லை.

அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டையாவது மிஞ்சியிருக்கும். “உங்க புள்ளைக்குத் தனியா எடுத்து வெக்கறாங்க. நீங்க சேனைக்கெழங்குன்றீங்க” என்று மட்டும் சொல்லி எழுந்தார். இலையை மடிக்கவில்லை. பையன் செல்வியை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பின்னால் போனான். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். (அதற்கு முன்னால் அவருக்குப் பழக்கம் உண்டா என்று நான் கடைசி வரை கேட்கவில்லை. சில விஷயங்களைக் கேட்காமல் இருப்பதுதான் குடும்பம்.)

குழாயடியில் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தேன். வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். சேகரையும் முழுக வைத்தேன். அவனை எத்தனை தடவை முழுக வைப்பது? காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து முழுகியிருக்க வேண்டும்.

இதுவரைக்கும் சொன்னதுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் சிரிக்கிற கதை. இனி சொல்வதை யாரும் சொல்வதில்லை.

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். பையன் இந்தப் பெண்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறானாம். பெண்ணின் அம்மா ஒரு நடை வந்து, நிஜமாகவே தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அந்த அம்மா இறங்கி வந்திருக்கிறாராம். குன்றத்தூர் என்ன காசியா? பஸ் ஏறினால் வந்துவிடும். ஆனால் அங்கே போய் நின்று நான் என்ன சொல்வது? வாசலில் எழுதியிருந்ததை ஏன் படிக்கவில்லை என்று கேட்டால்? எட்டாவது படித்தவளாயிற்றே நான்.

பெண்ணைப் பெற்றவள் எவர் வாசலிலும் போய் நிற்க மாட்டாள் என்று தரகரிடம் சொன்னேன். நல்ல கம்பீரமாகத்தான் சொன்னேன்.

செல்வி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவர் போனதும் வந்து, “நீ தனியாப் போவ வாணாம்மா. நானும் கூட வரேன்” என்றாள்.

வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அப்புறம் சேரப்பணஞ்சேரியில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை தங்கமானவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவர்கள் வீட்டில் மீன் குழம்பு. என் பெண்தான் அரைத்து, கூட்டி, கொதிக்க வைக்கிறாள். வீட்டுக்காரர் போன பிறகு நானும் இங்கேதான் இருக்கிறேன். எனக்கென்று தனி அடுப்பு, தனிச் சட்டி. அதைத் தனியாக விளக்கி, தனியாகக் கவிழ்த்து வைப்பதும் அவள்தான். நான் கேட்டதில்லை.

எந்த விசேஷத்தில் இலை போட்டாலும் மாப்பிள்ளை ஆரம்பிப்பார்: “இன்னா அத்தே, சேனைக்கெழங்கு பதமா வெந்துகீதா?” சேகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அவன் ஓரகடத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், லைனில் நிற்கிற பிள்ளைகளுக்குக்கூட இந்தக் கதை தெரியுமாம். நானும் சிரிப்பேன். செல்வி மட்டும் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விடுவாள். சொம்பு நிறையத் தண்ணீர் இலைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இதை எழுதுவது செல்வியின் மகள் திவ்யா. நான் சொல்லச் சொல்ல, ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்போடு எழுதுகிறாள். சேனைக்கிழங்கு கதை இவளுக்கு மனப்பாடம். தரகர் வந்த இடத்தில்தான் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

எழுதினது போதும்டி கண்ணு. எங்கே, முதலிலிருந்து ஒரு தரம் படி. கொஞ்சம் சத்தமாகவே படி. உங்கம்மா உள்ளேதான் இருக்கிறாள்.