பத்து லட்சத்து ஒன்றும் மின்விசிறியடி நாற்காலியும்

வாழ்க சுண்ணத்துகள் படிந்த சட்டையோன்! வாழ்க வகுத்தலில் வல்லோன், வாய்பாட்டு வேந்தன், காலடியோசையாலேயே ஒன்பதாம் வகுப்பை நடுங்கவைக்கும் கணக்கு வாத்தியார்! ஆசிரியர் அறையில் சுழன்றதோ ஒரே மின்விசிறி. அதன் நேர்கீழே கிடந்ததோ ஒரே நாற்காலி. அவ்வரியணைக்காக அவரும் இயற்பியல் வாத்தியாரும் மூன்று கோடைகளாய்ப் பொருதிய பெரும்போரின் கடைசி நாளை இங்கே விரித்துரைப்போம்.

அன்று மதிய இடைவேளையில், ஜன்னலோர ஸ்டூலில் வெந்துகொண்டிருந்த நம் கோமான் கிளர்ந்தெழுந்து, பத்து லட்சத்து ஒன்று ஒரு பகா எண், தன்னையும் ஒன்றையும் தவிர வேறெவராலும் மீதியின்றி வகுபடாத கற்புடையது என்று முழங்கினார். அரியணையில் சாய்ந்திருந்த இயற்பியலார், மணியடிப்பதற்குள் நிரூபித்தால் ஆண்டு முடியும்வரை நாற்காலி உமக்கே, தவறினால் இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று சூளுரைத்தார்.

மூண்டது போர்! பழைய வினாத்தாள்களின் வெற்றுப்பக்கமே களமாக, கசியும் பேனாவே வேலாக, இரண்டு வந்து ஒன்றை மீதிவைத்து வீழ்ந்தது; மூன்றும் ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் தோளோடு தோள்சேர்ந்து வந்து, ஆளுக்கு இரண்டு மீதிவைத்துப் புறமுதுகிட்டன; பத்தொன்பது பன்னிரண்டைப் போட்டுவிட்டு ஓடியது; இவ்வாறு நூற்றுக்குள் உறையும் பகா எண்கள் இருபத்தைந்தும் மாள, அவற்றின் கடைசி வீரனாம் தொண்ணூற்றேழும் இருபத்தெட்டைக் கக்கிச் சாய்ந்தது. வகுத்துப் பார்க்கவேண்டிய எல்லையாம் ஆயிரம்வரை இன்னும் நூற்று நாற்பத்து மூன்று பேர் வரிசைகட்டி நின்றார்கள். மணியடிக்க இரண்டே நிமிடம் இருந்தது. டிபன் பாக்ஸ் திறக்கப்படவே இல்லை.

தாள்தாளாய்க் குவிந்த பிணமலையைக் கண்டு மலைத்த இயற்பியலார் பெருமூச்செறிந்து எழுந்தார்.

"போதும் சார், நம்பறேன். சேர் உங்களுக்குத்தான்."

வெற்றித் திருமகள் மாலையும் கையுமாய் வாசலில் நிற்க, வேந்தர் நாற்காலியைத் தம் பக்கம் திருப்பினார். மேசை முதல் குப்பைக்கூடை வரை எல்லாவற்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்ட்டில் எண் எழுதிவைப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். இதன் முதுகில் 101 என்றிருந்தது.

அடுத்து வகுக்கவேண்டிய பகா எண் அதுவேயன்றோ! பழக்கதோஷம் யாரை விட்டது? மனத்துக்குள்ளேயே வகுத்தார். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று தடவை போயிற்று, மீதியில்லை. மறுபடி வகுத்தார். மீதி அப்போதும் வரவில்லை.

கண்டவர் எவருமில்லை. இயற்பியலாரோ கொடுத்த வாக்கின்படி ஸ்டூலுக்கே போய்விட்டார். மின்விசிறியின் காற்று மூன்று கோடைகளில் முதன்முறையாக அந்த வழுக்கைத்தலையில் பட்டது. பாவம், அது சுகமாகத்தான் இருந்தது. ஆயினும், மாணவன் ஒருவனுக்குக்கூட அரை மதிப்பெண் இனாம் தந்தறியாத அம்மாமன்னர், பொய்க்கணக்கின் மேல் அமர மனம் ஒப்பாமலும், தோற்றதைச் சொல்ல நா எழாமலும், திசையெட்டும் செவிசாய்க்க, தொண்டையைச் செருமி, எதிரியை நோக்கி இவ்வாறு பிரகடனம் செய்தார்:

"நீங்களே உக்காருங்க சார், எனக்கு ஃபேன் காத்து ஒத்துக்காது."