சாரநாத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்த அக்காவும் பழுப்புக் குல்லாய்க்காரரும்

தட்டேரி பஜார் சந்து,
காசி.

பிரயாகை மாக மேளாத் திடலில், சங்கமக் கரைக் கூடாரத்தில் மாதம் முழுக்கத் தங்கிக் கல்பவாச விரதம் காக்கும் பெருமதிப்பிற்குரிய துர்காபிரசாத் மாமா அவர்களின் பாதங்களுக்கு, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மருமகள் மைத்ரேயி கசேரா நமஸ்காரம் செய்து எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, சுபத்ரா அத்தை, நான் எல்லோரும் நலம். குமுத் அக்காவும் நலம்தான். அவளுக்கு நீங்கள் பார்த்த சம்பந்தம் மட்டும் நலமாக இல்லை. விரத மாதத்தில் நீங்கள் கைப்பேசியைத் தொடுவதில்லை என்பதாலும், விரத மாதத்தில் கோபப்படக் கூடாது என்று விதி இருப்பதாலும், நேற்று நடந்ததை உடனே எழுதி, நாளை சங்கமத்துக்கு நீராடப் போகும் பால்காரரிடம் கொடுத்துவிடச் சொன்னார் அப்பா. இரண்டாவது காரணத்தை எழுத வேண்டாம் என்றும் சொன்னார். ஆனால் அரைகுறையாக எழுதுவது எனக்குப் பழக்கமில்லை.

விரதத்துக்குக் கிளம்பும் முன் நீங்கள் சொல்லிவிட்டுப் போனவை எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். போன தடவை பெண் பார்க்க வந்தவர்களிடம் அக்கா, "மாப்பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டு, அவர்கள் வேண்டாம் என்று சொல்லி, அந்தச் செய்தி நம் சந்து முழுக்கப் பித்தளைக் குடம் போல உருண்டது அல்லவா? அதனால் இந்த முறை பெண் பார்ப்பதே பெண் பார்ப்பதாகத் தெரியக் கூடாது என்றீர்கள். தேவரியாவிலிருந்து வரும் குடும்பம் யாத்திரீகர்கள் போலக் காலையில் அஸ்ஸி படித்துறைக்கு வந்து நிற்கும்; அப்பா வழிப்போக்கர் போலப் போய் ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும்; மதியம் சாரநாத்தில், தற்செயலாக, அத்தையும் அக்காவும் புல்வெளியில் உட்கார்ந்திருக்க வேண்டும்; பெயரோ கல்யாணப் பேச்சோ யார் வாயிலிருந்தும் வரக் கூடாது; அக்கா வாயைத் திறக்கவே கூடாது. இதுவும் கெட்டுப்போனால் இனி நீங்கள் வரன் பார்க்க மாட்டீர்கள், தாய்மாமன் சடங்குக்கும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றும் சொன்னீர்கள். அன்றிலிருந்து அம்மா தினமும் ஒரு கோவிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். பேச்சு அறுந்து மௌனம் விழுந்தால் அப்பா உளறிவிடுவார் என்பதற்காக, வழியெல்லாம் சரித்திரம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

மாமா, ஒரு சிறு விண்ணப்பம். பையனின் அப்பாவுக்கு அடையாளம் பழுப்புக் குரங்குக் குல்லாய் என்று சொன்னீர்கள். தை மாதப் பனியில் அஸ்ஸி படித்துறையில் பழுப்புக் குரங்குக் குல்லாய் போடாத ஆண்பிள்ளை சிவலிங்கம் ஒருவர்தான். முதல் குல்லாய்க்காரரிடம் அப்பா போய், "மகாதேவ்! ஊர் சுத்திப் பாக்கணுமா?" என்றார். அவர், "போயா, நானே பிச்சைக்கு உக்காந்திருக்கேன்" என்றார். இரண்டாமவர் சவரத்தின் நடுவில் இருந்தார். மூன்றாமவருடன்தான் மஞ்சள் சால்வை போர்த்திய ஓர் அம்மாளும், கண்ணாடி போட்ட ஓர் இளைஞரும் நின்றார்கள். அப்பா கேட்டதும் குல்லாய்க்காரர் அம்மாளைப் பார்த்தார், அம்மாள் இளைஞரைப் பார்த்தார், இளைஞர் கங்கையைப் பார்த்தார். "சுத்திப் பாக்கத்தான் வந்தோம். வேற எதுக்கும் வரல" என்றார் குல்லாய்க்காரர், நாங்கள் கேட்காமலே. "பாத்தியா, என்ன நடிப்பு!" என்று அப்பா என் காதில் பூரித்துப்போனார்.

அப்பாவுக்குத் தெரிந்த படகோட்டி லல்லனின் படகில் ஏறினோம். நான் ஒவ்வொரு படித்துறைக்கும் அதன் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பனியில் ஒரு படித்துறையும் தெரியாததால் யாரும் மறுக்கவில்லை. இளைஞர் மட்டும் நீரோட்டத்தின் வேகம், படுகையின் ஆழம் என்று லல்லனிடம் கேட்டபடி இருந்தார். சுற்றுலா வந்தவருக்கு இவ்வளவு தண்ணீர் ஞானம் எதற்கு என்று எனக்கே தோன்றியது. அப்போதுதான் எங்கள் படகு எதன் மேலோ ஏறியது. புதுமணத் தம்பதிக்காக யாரோ ஒரு தாய் நேர்ந்துகொண்டு இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கங்கையின் குறுக்கே சாமந்தி மாலை இழுத்துக்கொண்டு போகிறாள், நாங்கள் நட்டநடுவில் போய் அதை அறுத்துவிட்டோம்! முன்னால் போன படகில் மேளம் நின்றது, பெண்களின் பாட்டு வசவாக மாறியது. "ஏ குரு! கண்ணு என்ன கரையில வெச்சிட்டு வந்தியா? மாலை அக்கரை சேராம அறுந்தா எம்மருமக நெலமை என்னாகும்?" என்று அந்தத் தாய் அலறினாள். லல்லன் துடுப்பைப் போட்டுவிட்டு, "யாராவது ரெண்டு முனையையும் புடிங்கய்யா! கை விட்டா நேர்ச்சை போச்சு!" என்றான். அப்பா ஒரு முனையைப் பிடித்தார், கண்ணாடி இளைஞர் மறு முனையைப் பிடித்தார். அந்தப் படகு அக்கரை போய்ச் சேரும்வரை இருவரும் இடுப்பளவு வெளியே தொங்கியபடி, ஆளுக்கொரு கையை இறுகக் கோத்துக்கொண்டு, மாலையின் நடுப்பகுதியாக இருந்தார்கள். இளைஞரின் கண்ணாடி கங்கைக்குப் போனது. மஞ்சள் சால்வை அம்மாள் இதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடி விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கரையேறிக் கச்சோரியும் ஜிலேபியும் சாப்பிட்டபோது அம்மாள் அப்பாவிடம், "நீங்க ரொம்ப வருஷமா ஊர் சுத்திக் காட்டற வேலைதானா?" என்றார். அப்பாவும் சளைக்காமல், "பரம்பரைத் தொழிலுங்க" என்றார். "குழந்தைங்க?" என்றதற்கு, ஒரு நொடி திணறி, "இது ஒண்ணுதான்" என்று என்னைக் காட்டினார். அக்காவை இப்படிக் கங்கைக் கரையில் வைத்தே கைகழுவிவிட்டாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அம்மாளின் முகமும் ஏனோ வாடியது.

சாரநாத் வாசலில் இறங்கியதும் அந்த மூவரும் நேராக ஒரு தள்ளுவண்டிக்குப் போய் வெங்காயப் பக்கோடா வாங்கினார்கள். அப்பா என்னை ஓரமாக இழுத்தார். "மைத்தி, உங்க மாமா என்ன சொன்னாரு? வெங்காயம் பூண்டு வீட்டு வாசப்படி தாண்டாத குடும்பம்னாரே?" "ஆமாம் அப்பா." "பையன் வாயே திறக்க மாட்டான்னாரே? இவன் லல்லனையே பேச்சுல தோக்கடிச்சானே?" அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. குல்லாய்க்காரரிடம் போய், "தப்பா நெனைக்காதீங்க. காசிக்கு நீங்க எதாச்சும் நல்ல காரியமா..." என்று இழுத்தார். குல்லாய்க்காரர் பக்கோடாவை அப்படியே விழுங்கிவிட்டு, "காரியமா? ஒரு காரியமும் இல்ல! எங்க பையனுக்குக் கல்யாணமே நிச்சயம் ஆயிடுச்சு! பத்திரிகைகூட அடிச்சாச்சு!" என்றார்.

அப்பா வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ ஊர் பேர் தெரியாதவர்களை விடிந்ததிலிருந்து சுமந்துகொண்டு திரிந்திருக்கிறோம். உண்மையான தேவரியா குடும்பம் இன்னும் அஸ்ஸியில் பனியில் நிற்கிறது! உடனே லல்லனுக்குப் போன் போட்டு, "அங்க பழுப்புக் குல்லா போட்ட பெரியவர் யாராச்சும் நிக்கிறாரா பாரு" என்றார். "நானே பழுப்புக் குல்லாதான் குரு போட்டிருக்கேன். நான் வரட்டுமா?" என்றான் லல்லன்.

இனி அக்காவின் கதை. தமேக் ஸ்தூபிக்கு முன்னால் ரோஜா நிறப் பட்டுச் சேலையில், கண்ணைத் தாழ்த்தி, வாயை மூடி, அசையாமல் உட்காரச் சொல்லியிருந்தோம் அல்லவா? நம் பாத்திரக் கடையில் பேரம் பேசினால் மணிக்கூண்டுவரை கேட்கும் குரல் அது. அதை அடக்கிக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் போனபோது அவளுக்குப் பின்னால் வெள்ளை உடுத்திய இலங்கை யாத்திரீகர்கள் வரிசை வரிசையாகக் கண்மூடி அமர்ந்திருந்தார்கள். அவள் மடியில் தாமரைகள். ஒரு திபெத்திய பிட்சு போர்த்திவிட்ட வெள்ளைத் துண்டு தோளில். அத்தை ஓரமாக நின்று கையைப் பிசைந்தாள். "நான் என்ன பண்ணுவேன் தம்பி? ஒருத்தர் வந்து பக்கத்துல உக்காந்தாரு. அப்புறம் பஸ்ஸே வந்துடுச்சு. நான் வாயத் தொறந்தா எல்லாரும் 'உஷ்'ங்கறாங்க!"

புத்தர் முதன்முதலில் இங்கே வந்தபோது, அவருக்காக எழுந்திருக்கக் கூடாது என்று ஐந்து சீடர்கள் தீர்மானித்து வைத்திருந்தார்களாம். அவர் அருகில் வந்ததும் தாமாகவே எழுந்துவிட்டார்களாம். அதை நான் சொல்லத் தொடங்கும் முன் அப்பா, "குமுத், எழுந்திரும்மா. ஆளு மாறிப்போச்சு. இவங்க அவங்க இல்ல" என்றார்.

"அப்பாடா! கால் மரத்தே போச்சு!" என்று அக்கா கத்திய கத்தலில் ஸ்தூபியின் புறாக்கள் எல்லாம் பறந்தன. வெள்ளை உடுத்தியவர்கள் கண் திறந்து, கைகூப்பி, "சாது, சாது, சாது" என்று உபதேசம் கேட்டது போல ஆமோதித்தார்கள்.

பிறகு நடந்ததை எப்படி எழுதுவேன்? வீணாகப் போகக் கூடாது என்று அம்மா கட்டிக் கொடுத்த அவல்பட்டாணியையும் கேரட் அல்வாவையும் அந்த மூவருக்கும் பரிமாறினோம். அக்கா செருப்பை உதறிவிட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "அல்வா பிரமாதம். நீ பண்ணதாம்மா?" என்றார் மஞ்சள் சால்வை அம்மாள். "நானா? அம்மா பண்ணதுங்க. வர்றவங்ககிட்ட மட்டும் நான் பண்ணதா சொல்லணும்னு உத்தரவு. நான் பண்ணியிருந்தா மோட்சத்துக்கு நீங்க காசியில சாகக் காத்திருக்க வேண்டாம், இங்கேயே கிடைச்சிருக்கும்." "யார் வர்றாங்க?" என்றார் கண்ணாடியில்லாக் கண்ணாடி இளைஞர், கண்ணைச் சுருக்கி. "என்னைப் பாக்க ஒரு கூட்டம். மியூசியத்துக்குள்ள சிங்கத் தூணு, வெளியில நானு. சிங்கத்துக்காவது டிக்கெட் உண்டு." "மாப்பிள்ளை எப்படியாம்?" "நீர்ப்பாசன இலாகா இன்ஜினியராம். பேசவே மாட்டாராம். கால்வாயில தண்ணி வந்தாலும் வரும், அவரு வாயில வார்த்தை வராதாம்!"

இளைஞருக்கு அல்வா புரையேறியது. அத்தை முதுகில் தட்டினாள். "ஒருவேளை... பேசற ஆளா இருந்தா?" என்றார் தெளிந்த பிறகு. "அப்ப யோசிக்கலாம். சமைக்கத் தெரியுமான்னு கேப்பேன்." "கிச்சடி வரைக்கும் தெரியும்னா?" "அடி பிடிக்காம?" "கொஞ்சம் பிடிக்கும்." "பாத்திரம் எங்க கடையிலேயே வாங்கலாம், பரவாயில்ல" என்றாள் அக்கா. இப்படியே பொழுது சாயும்வரை பேசினார்கள். மான் பூங்காவில் மானுக்குக் கேரட் போட்டபடியும் பேசினார்கள். கல்யாணம் நிச்சயமான ஒருவர் வேறு பெண்ணிடம் இவ்வளவு பேசுவது முறையா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அசோகரின் கல்வெட்டை விளக்கி இடையில் புகுந்து பார்த்தேன், பயனில்லை. அப்பாவோ கவலையில் இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. பிரியும்போது அம்மாள் அக்காவின் கன்னத்தைத் தொட்டு, "எவ்வளவு சத்தமா சிரிக்கிற!" என்றார். குறையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஆகவே மாமா, பனியில் காத்திருந்து ஏமாந்துபோன தேவரியா பெரியவர்களிடம் எங்கள் சார்பில் நீங்கள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அக்கா வாய் திறந்தது அந்நியரிடம்தான், அவர்களிடம் அல்ல என்பதை அழுத்திச் சொல்லுங்கள். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அம்மா அப்பாவிடம் பேசுவதில்லை. வேண்டியதை என்னிடம் சொல்கிறாள், நான் அப்பாவிடம் சொல்கிறேன், அவர் பக்கத்திலேயே இருந்தாலும். தாய்மாமன் இல்லாத மணமேடை குடமில்லாத கிணற்றடி என்று அழுகிறாள். கங்கா மாதா உங்கள் விரதத்தைக் குறைவின்றி நிறைவேற்றட்டும். உங்கள் கோபத்தையும் அவளே இழுத்துக்கொண்டு போகட்டும்.

உங்கள் பாதம் தொட்டு வணங்கும்,
மைத்ரேயி

பின்குறிப்பு: மாமா, உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கடைக்குப் பழுப்புக் குரங்குக் குல்லாய் வந்தது. கூடவே மஞ்சள் சால்வையும். அவர்கள்தான் தேவரியாக்காரர்கள்! "பெண்ணோட அப்பா படு கெட்டிக்காரர், ஆழம் பாப்பார், என்ன கேட்டாலும் ஒத்துக்காதீங்க" என்று நீங்கள் அவர்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். சாரநாத்தில் அப்பா கேட்டதும் குல்லாய்க்காரர் பயந்துபோய், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாராம். அப்பா 'இது ஒண்ணுதான்' என்றபோது, வேறு யாரோ ஊர் சுற்றிக் காட்டுபவரிடம் மாட்டிக்கொண்டோமோ என்று அம்மாளும் கலங்கிப்போனாராம். அக்கா நீர்ப்பாசன இலாகாவைச் சொன்ன பிறகுதான் உயிர் வந்ததாம். பெண்ணின் அப்பாவும் தன் மகனும் கங்கை நடுவில் கைகோத்து மாலையைக் காத்தார்களே, அதற்குமேல் ஜாதகம் எதற்கு என்கிறார். வெங்காய விஷயத்தை யார் கட்டிவிட்டார்கள் என்று மட்டும் கேட்டார். உங்கள் பெயரை நான் சொல்லவில்லை, அப்பா சொன்னார். இளைஞரின் பெயர் அவதேஷ். புதுக் கண்ணாடி போட்டு வந்து அக்காவை முதன்முறையாகத் தெளிவாகப் பார்த்துவிட்டு, கிச்சடிப் பாத்திரம் ஒன்று கேட்டார். ஆகவே மேலே உள்ள மன்னிப்புகள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தாய்மாமன் சடங்குக்கு வந்துவிடுங்கள். அம்மா அடுப்பு மூட்டிவிட்டாள். ஆனால் இப்போது அவளுக்குப் புதுக் கவலை. அவர்கள் வந்ததிலிருந்து, யாரும் சொல்லாமலேயே, குமுத் அக்கா கண்ணைத் தாழ்த்தி, வாயை மூடி, அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.