அந்தூரியத்துக்கு வந்த வருத்தம்

"இஞ்சேருங்கோ! ஓடி வாங்கோ!"

முற்றத்திலிருந்து சீதேவி போட்ட சத்தத்தில் தில்லைநாதனுக்கு வாயிலிருந்த இடியப்பம் புரையேறிவிட்டது. விழுந்தடித்துப் போய்ப் பார்த்தார். மனைவியின் அந்தூரியப் பூச்செடிச் சாடிகள் அத்தனையிலும் இலைகள் கரை சுற்றிவரக் கருகிக் கிடந்தன.

காரணம் உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பச்சைப் பிள்ளை மாதிரி நின்றார்.

சரவணைக் கிராமத்தில் அவர்கள் வீட்டுக் கிணறு சுத்த உவர். அந்தூரியத்துக்கு உவர் ஆகாது. அதனால் பின்னேரங்களில் சைக்கிளில் சந்திக் குழாயடிக்குப் போய், ஒரு பிளாஸ்டிக் கான் நிறைய நல்ல தண்ணி கொண்டு வருவது தில்லைநாதனின் உத்தியோகம். புறப்படுவார், அதில் பிழை சொல்லக்கூடாது. ஆனால் வழியில் கூட்டாளி நாகமுத்துவின் வீடு. அங்கே முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டத்துக்கு ஒரு கை குறையும். பாவம், ஒரு மனிசன் என்னதான் செய்வான்! கடதாசி விளையாடி முடித்து, நாகமுத்துவின் உவர்க் கிணற்றிலேயே கானை நிரப்பி, முகத்திலும் கொஞ்சம் தெளித்து வியர்வையாக்கி, மூச்சு வாங்க வாங்க வீடு வந்து சேருவார். இது வெளியே தெரிந்தால் முன்னூற்றிநாலு போச்சு. அது போனால் பிறகு என்ன சீவியம்!

"வெயில் சுட்டிட்டுது," என்றார் டொக்டர் தில்லைநாதன்.

"மாமரத்துக்குக் கீழை ஏதப்பா வெயில்?"

"அப்ப புழு."

"புழு திண்டா ஓட்டையெல்லோ விழும்? இது கரை மட்டும் கருகியிருக்கு."

"நீர் தண்ணியைக் கூட ஊத்திப்போட்டீர். வேர் அழுகிப்போச்சு!"

சீதேவி மண்ணுக்குள் விரலை விட்டு மணந்து பார்த்தாள். தண்டை அமத்திப் பார்த்தாள். "அழுகினா நாறும், தண்டு கொழகொழக்கும். இது இரும்பு மாதிரி நிக்குது. அப்ப ரெண்டிலை ஒண்டுதான். ஒண்டில் நீங்கள் கொண்டு வாற தண்ணி உப்பு. இல்லாட்டித் தண்ணி காணாது, இன்னும் ஊத்தவேணும்."

"உப்போ? சந்திக் குழாயோ? கற்கண்டுத் தண்ணியடியப்பா!"

"கோவிக்காதேங்கோ. இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

குசினிக்குப் போகிற வழியில், நேற்று அவர் கொண்டு வந்த கானையும் மிச்சத் தண்ணியோடு தூக்கிக்கொண்டு போனாள்.

தேத்தண்ணி வந்தது. ஒரு மிடறுதான். ஐயோ கடவுளே, கடலுக்குச் சீனி போட்டால் இப்படித்தான் இருக்கும்! முழி இரண்டும் பிதுங்கியது.

"எப்பிடி?"

துப்பினால் நாகமுத்து வீட்டுக் கதையும் சேர்ந்து வரும். விழுங்கினார்.

"திறம்."

"உப்புக் கிப்பு?"

"சீச்சீ! இப்பிடியொரு தேத்தண்ணி நான் குடிச்சதே இல்லை!" காலையிலிருந்து அவர் பேசியதில் அது ஒன்றுதான் உண்மை.

"அப்ப முழுக்கக் குடியுங்கோ."

குடித்தார். கோப்பையைக் கவிழ்த்தும் காட்டினார். தப்பிவிட்ட சந்தோசத்தில் மீசையைக்கூட ஒருதரம் தடவிக்கொண்டார்.

சீதேவி கொண்டையை முடிந்துகொண்டு எழும்பினாள். அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாய் இருந்தது.

"அப்ப தண்ணியிலை பிழை இல்லை. தண்ணி காணாமல்தான் கருகியிருக்கு. இண்டையிலையிருந்து ரெண்டு தரம் போங்கோ. இவ்வளவு திறமான தண்ணியெண்டபடியால், இனி உங்களுக்குத் தேத்தண்ணியும் அந்தக் கானிலைதான்."