அரைத்தாடியின் தாவாங்கட்டை

புதுச்சேரி முழுக்கத் தேடினாலும் அரைத்தாடியைப் போல அடுத்தவர் பொறுமையைச் சோதிக்கிற மனிதர் இன்னொருவர் கிடைக்கமாட்டார். சத்தியம் செய்யச் சொன்னால் செய்வேன். அவரோடு பழகிய முதல் ஐந்து நாட்களில் ஏறிய ரத்த அழுத்தத்துக்கு நான் இன்னும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் தொழில் பாலிஷ் போடுவது. பித்தளை, எவர்சில்வர், அலுமினியம் எதைக் கொடுத்தாலும் முகம் பார்க்கிற கண்ணாடி ஆக்கிவிடுவார். அதில் ஒரு சிக்கல் உண்டு. வேலையைக் கையில் எடுத்த நாளிலிருந்து சவரம் செய்யமாட்டார். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தத் தகட்டிலேயே முகம் பார்த்து ஒரு கன்னத்தை மட்டும் மழிப்பார். மறுபக்கம் முடிந்தால்தான் மறு கன்னம். முடியின் வேர் தகட்டில் தெரியவில்லை என்றால் அது பாலிஷே இல்லை என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதனால் வருஷத்தில் பாதி நாள் முத்தியால்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு கன்னம் மழமழவென்றும் ஒரு கன்னம் புதராகவும் நடமாடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா, கொடியேற்றத்துக்குப் போட்டுக்கொள்ளத் தன் பதக்கங்களை இவரிடம் கொடுத்தார். நான்கு நாள் கழித்து வாங்கிப் பார்த்தால் பதக்கத்தில் இருந்த தலையைக் காணவில்லை. தேய்த்தே தீர்த்திருக்கிறார். கிழவர் தடியைத் தூக்கினாராம். இவர் நிதானமாக, பிரெஞ்சு மரியாதையோடு, "யாரோ ஒரு வெள்ளக்காரன் மூஞ்சி இருந்திச்சு. இப்ப உன் மூஞ்சியே தெரியுது பாரு மிசே" என்றாராம்.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஏன் அவரிடம் போனேன் என்றால், வேறு வழியில்லை.

சேதராப்பட்டில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் யார் வேலை தருவார்கள்? மனைவி மல்லிகாவின் கைப்பக்குவத்தை நம்பி ஒரு டிபன் கடை போடலாம் என்று பழைய டிரெய்லர் வண்டி ஒன்றை வாங்கினேன். முன்னால் ஒரு வேனைக் கட்டி இழுக்க வேண்டிய வண்டி, உடம்பு முழுக்க பெயின்ட் இல்லாத அலுமினியம். கடலோரத்தில் வருஷக் கணக்காக நின்று உப்புக் காற்று குடித்ததில் தகடெல்லாம் பூத்துப்போய், தேமல் விழுந்த முதுகு மாதிரி இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரி வாசலில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதன் மேனேஜர் வண்டியைப் பார்த்து முகம் சுளித்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இதே வண்டி பளிச்சென்று வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் இடம் ஜூஸ் கடைக்காரருக்கு என்று சொல்லிவிட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

இன்னொரு கவலையும் இருந்தது. மல்லிகாவுக்குக் காது கேட்காது. இளவயதில் மில்லில் தறி ஓட்டியவள், அந்தச் சத்தம் காதைத் தின்றுவிட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வாள். வண்டியில் அடுப்போ பின்சுவரை ஒட்டிப் பதித்திருந்தது. அங்கே நின்றால் வாடிக்கையாளருக்கு முதுகைத்தான் காட்ட வேண்டும். "கூப்புடுவாங்க, நான் திரும்பமாட்டேன். திமிரு புடிச்சவன்னு சொல்லுவாங்க. நான் வூட்லயே மாவு ஆட்டித் தர்றேன், நீ போய் சுடு" என்று முடித்துவிட்டாள். நான் சுட்ட தோசையை எங்கள் தெரு நாயே இருமுறை யோசித்துத்தான் சாப்பிடும். அவள் வராமல் அந்தக் கடை இல்லை.

திங்கட்கிழமை காலை வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் வேலை தொடங்கியது. அரைத்தாடி சோப்புத் தண்ணீரால் வண்டியைக் கழுவினார். பிறகு தண்ணீர் விட்டு உப்புத்தாள் தேய்த்தார். முதலில் சொரசொரப்பான தாள், அடுத்து அதைவிட நைசு, அதற்கடுத்து இன்னும் நைசு. பொழுது சாயும்போது பார்த்தால் வண்டி காலையில் இருந்ததைவிடக் கேவலமாக இருந்தது. அவர் பீடியைப் பற்றவைத்து, நல்லா வருது சார் என்றார்.

செவ்வாயன்று மிஷினில் துணிச் சக்கரத்தை மாட்டி, பாலிஷ் கட்டியைத் தடவித் தேய்த்தார். கறுப்பாக ஒரு பசை வந்தது. அதை எடுக்க மைதா மாவு வேண்டுமாம். மாவுதான் பிசுக்கை உறிஞ்சுமாம். பரோட்டாவுக்கு வாங்கி வைத்திருந்த மூட்டையில் பாதி வண்டியின் இடதுபக்கத்துக்கே போனது.

மாவு கேட்க அவர் சமையலறை வாசலில் நின்று "தங்கச்சி, தங்கச்சி" என்று மூன்று முறை கூப்பிட்டார். மல்லிகா திரும்பவில்லை. அவர் இரண்டடி உள்ளே வந்து பாத்திரத்தைத் தட்ட, நிழலைக் கண்டு அவள் பதறியதில் கொதிக்கிற டீ அவள் காலடியில் கொட்டியது. நூலிழையில் தப்பினாள். நான் ஓடிப்போய், அவளுக்குக் காது கேட்காது, பின்னால் வந்து நிற்காதீர்கள், இதற்காகத்தான் கடைக்கே வரமாட்டேன் என்கிறாள் என்று சொன்னேன். அப்படியா என்று கேட்டுவிட்டு, மாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மனிதர் ஒரு வார்த்தை வருத்தம்கூடச் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம்.

புதன்கிழமை மாலை இடது கன்னம் வழவழப்பானது. வண்டியின் இடதுபக்கத்தில் எதிர்வீட்டு முருங்கை மரம் இலை இலையாகத் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. வியாழன் காலை காக்கைகள் வந்தன. தகட்டில் தெரிந்த காக்கையை நிஜக் காக்கை விரோதியாக நினைத்து ஒரு மணி நேரம் கொத்தியிருக்கிறது. துணைக்கு உறவினர்களையும் அழைத்து வந்திருக்கிறது. தகடு முழுக்கக் கீறல். அரைத்தாடி கீறலைத் தடவினார், தன் இடது கன்னத்தைத் தடவினார். மறுபடி உப்புத்தாளை எடுத்தார்.

அன்று முழுவதும் நான் குடையோடு வண்டியைச் சுற்றி வந்து காக்கை ஓட்டினேன். போகிறவர் வருகிறவரெல்லாம் விசாரித்தார்கள். குடையைக் காட்டிவிட்டு அடுத்த காக்கையை விரட்ட ஓடினேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஜூஸ் கடைக்காரர் வண்டியை அலங்காரம் செய்து தயாராக வைத்திருக்கிறாராம், சும்மா தகவலுக்குச் சொன்னார்களாம்.

வெள்ளி பகல் ஒரு மணிக்கு இரண்டு கன்னமும் மழித்தாகிவிட்டது. வண்டி அப்படி மின்னியது, வெயிலில் நேராகப் பார்க்க முடியவில்லை. வேன் டிரைவருக்குப் போன் போடலாம் என்று திரும்பியபோதுதான் கவனித்தேன். அரைத்தாடியின் தாவாங்கட்டையில் ஒரு கொத்து தாடி மிச்சம் இருந்தது. அவர் மிஷினைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறினார்.

"அண்ணே, உள்ள இன்னாண்ணே வேலை? உள்ள யாரு பாக்கப் போறாங்க?"

"பாக்குறவங்க பாப்பாங்க சார்."

ஒன்றரை ஆனது. இரண்டானது. உள்ளே மிஷின் சத்தம் நிற்கவில்லை. கெஞ்சினேன். இரண்டரைக்குக் கத்தினேன். "என் பொழப்ப கெடுக்குறதுக்குன்னே வந்தியா? நாளையிலேர்ந்து நான் இன்னா பண்றது, நீயே சொல்லு" என்று கேட்டேன். அண்ணே, நீங்க என்பதெல்லாம் போய்விட்டது. இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அவர் மாவை அள்ளித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு வேன் வந்தது. கரண்ட்டைப் பிடுங்கினேன். அப்போதும் இறங்கவில்லை, கையால் தேய்த்துக்கொள்வாராம். இருந்தால் இருக்கட்டும் என்று அவர் உள்ளே இருக்க வண்டியைப் பூட்டி இழுக்கச் சொல்லிவிட்டேன். வேனில் டிரைவர், நான், மேனேஜருக்கு டீ போட்டுக் காட்ட நான் வாங்கி வைத்திருந்த பால், டீத்தூள், வண்டியை ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏறிக்கொண்ட மல்லிகா. பின்னால் கண்ணாடியாக ஒரு வண்டி, அதற்குள் ஒரு பைத்தியம். சிக்னலில் நின்றபோது மூன்று பேர் எங்கள் வண்டியில் தலை வாரினார்கள். பச்சை விழுந்தும் நகரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றோம். ஜூஸ் கடைக்காரர் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். மேனேஜர் வெளியே வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். தகட்டில் பார்த்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பரவாயில்லையே, உள்ளே பார்க்கலாமா என்றார். நான் பக்கவாட்டுக் கதவைத் தூக்கினேன்.

உள்ளே, பாதி கறுப்பும் பாதி மைதாவுமாக அரைத்தாடி அடுப்பின் எதிரே நின்று, தாவாங்கட்டையில் சோப்பு நுரையோடு சவரக்கத்தியால் கடைசி இழுப்பு இழுத்துக்கொண்டிருந்தார்.

"இது டிபன் கடையா, சலூனா?" என்றார் மேனேஜர்.

அரைத்தாடி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, டப்பாவையும் சோப்பையும் மூட்டை கட்டி இறங்கினார். மல்லிகாவின் எதிரே போய் நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி, "போய் ஒரு டீ போட்டுக் குடு தங்கச்சி. அடுப்பாண்ட நின்னு பாரு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். ஏறினாள். அந்த இடத்தை ஒரு துடை துடைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கி வரும் நேரத்தில் மேனேஜர் அவள் முதுகைப் பார்த்து, "எனக்கு சர்க்கரை கம்மியா" என்றார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அரை ஸ்பூன் போதுமா சார்?" என்றது மல்லிகாவின் குரல்.

கண்ணைத் திறந்தேன். அவள் திரும்பவே இல்லை. அடுப்புக்கு மேலே, அவள் கண் உயரத்தில், இரண்டு சாண் அகலத்துக்குப் பின்சுவர்த் தகடு கண்ணாடியாக இருந்தது. அதில் மேனேஜர், அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் ஜூஸ் கடைக்காரர், ரோடு, ஆட்டோ எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. மேனேஜரின் உதடு அசைவதுகூடத் தெரிந்தது.

இடம் எங்களுக்குத்தான் கிடைத்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பினால் அரைத்தாடி இல்லை. அன்றைக்கு முழுத் தாடியும் மழித்துவிட்டதால் கூட்டத்தில் அவரை அடையாளம் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

பிறகு ஒருநாள் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன், தகட்டைப் பற்றி ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்றும் கேட்டேன். தாவாங்கட்டை எப்போதும் கடைசி வேலைதான் சார் என்றார். அந்த இரண்டு சாண் தகட்டைத் தினமும் காலையில் நானே மைதா போட்டுத் துடைக்கிறேன், ஒருநாள்கூட மங்க விட்டதில்லை. அவர் மாதத்துக்கு ஒருமுறை, ஒரு கன்னத்திலோ இரண்டு கன்னத்திலோ தாடி வளர்ந்த நிலையில், கடைக்கு வருவார். ரோட்டைப் பார்த்து நிற்கிறவன் நான். ஆனாலும் நான் கவனிப்பதற்குள், ரோட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கிற மல்லிகா, அண்ணன் வராரு என்று சொல்லி அவருக்கான தோசையை ஊற்றிவிட்டிருப்பாள்.