சீக்கு சாரின் ஸ்டேப்ளர்

தேனி மாவட்டத்தில் செடி செழித்தால் முகம் வாடுகிற ஒரே மனிதர் எங்கள் சீக்கு சார்தான்.

துவரை ஆராய்ச்சிப் பண்ணையில் அவர் விஞ்ஞானி, நான் உதவியாளர். அவருடைய எதிரி மலட்டுத் தேமல் நோய். அது வந்த துவரை சாகாது. இலை வெளிறி, புதராக மண்டி, பூக்காமலே நிற்கும். அதைத் தாங்கும் ரகத்தைக் கண்டுபிடிக்க, நோயிலையை நாற்றின் இலையோடு சேர்த்து ஸ்டேப்ளரால் அடிக்க வேண்டும். நோயைச் சுமக்கும் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் அதிலிருந்து இதற்கு ஏறும். அதற்குப் பிறகும் பூக்கிற செடியின் விதைதான் மானாவாரிக் காட்டுக்குப் போகும். இதற்காகவே தோட்டத்து ஓரத்தில் சீக்குச் செடிகளை உரம் போட்டு வளர்த்தார். அலுவலகத்து ஸ்டேப்ளர் பின்னெல்லாம் வயலுக்குப் போய்விட, பில்களை நாங்கள் நூலால் கட்டினோம்.

நாற்றுகள் இரண்டு இலை விட்ட வாரம், வேலைக்கு வரும் பேச்சியம்மாள் பூரித்த முகத்தோடு வந்தார்.

"சார், ஓரத்துல நின்ன சீக்குச் செடி பூராத்தையும் புடுங்கி எரிச்சுட்டேன். தோட்டம் பளிச்சுனு இருக்கு, பாருங்க!"

சார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆத்தா... ஒரு வருசமா வளத்த சீக்கும்மா!"

"கேட்டியாடி கூத்த!" என்றார் பேச்சியம்மாள் என்னிடம். "சீக்குக்குத் துக்கம் கொண்டாடுறாக!"

நாற்று முற்றினால் சோதனை செல்லாது. பல வருடம் கலப்பு செய்து அவர் எடுத்த புதுத் துவரை வரிசைக்கு இந்தப் பருவமே போய்விடும். நோயிலை தேடி வருசநாட்டுக்குப் பஸ் ஏறினோம்.

முதல் தோட்டத்தில் கேட்டார்: "தாயி, ஒங்க தொவரையில சீக்கு இருக்கா?"

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா கேக்குற கேள்வியாய்யா இது? ஓடிப் போயிரு!"

அடுத்த தோட்டத்தில் கண்டார். "ஆகா! என்ன தேமல், என்ன தேமல்!" என்று செடியைக் கும்பிட்டார். தோட்டக்காரர் என்னைத் தனியே அழைத்து, "சாருக்கு வைத்தியம் எங்கன பாக்குறீக?" என்று விசாரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஈரச் சாக்கை மடியில் வைத்திருந்தார். பக்கத்து அம்மா கேட்டார்: "என்ன சார், கறிவேப்பிலையா?"

"இல்லம்மா, சீக்கு."

மூன்று பேர் சீட்டில் நாங்கள் இருவர் மட்டும் அல்லிநகரம் வரை தாராளமாக வந்தோம்.

அந்த இலைகளை அடித்தோம். பழைய ரகங்கள் அத்தனையும் வெளிறின. புது வரிசை மட்டும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது.

"இதுக்கு மட்டும் சீக்கு வரலையே சார்?" என்று பேச்சியம்மாள் சீண்டினார்.

"அதான் எனக்கும் வருத்தம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வரிசைக்கு ஸ்டேப்ளர் அடித்த அன்று எதிர்ப் பாத்தியில் குனிந்திருந்தது நான்தான். சார் ஒவ்வொரு நாற்றையும் அடித்துவிட்டு, அதன் காதில் சொல்வதுபோல் சொன்னார்: "ஒனக்கு ஒண்ணும் ஆகாதுடி ஆத்தா."