ஆறு டீச்சர்களும் அறுபத்து மூவரும்

"நொச்சிக்குப்பத்துலேருந்து வர்றே. மயிலாப்பூரைப் பத்தி நீ என்னம்மா சொல்லிடப் போறே?"

தி. நகரில் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் முதலாளி, வழிகாட்டி வேலைக்கான நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

நான் வரலாறு படித்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள். கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆளும் நானே (போட்டிக்கு யாரும் இல்லை). அம்மா கடற்கரையோரம் மீன் விற்கிறாள். கோபுரத்தைக் காட்டிச் சம்பளம் வாங்கப் போகிறேன் என்றதும் அவளும் விடவில்லை. "அதான் அம்மாம் ஒசரத்துல தெரியுதே, அதைக் காட்றதுக்கு ஒரு ஆள் இன்னாத்துக்கு?" என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பதில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொல்லியிருக்க வேண்டாம்.

முதலாளி வெள்ளோட்டம் ஒன்று கொடுத்தார். கோவையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியைகள் ஆறு பேர் வந்திருந்தார்கள். மதியத்துக்கு மேல் அவர்களுக்கு மயிலாப்பூர் கோயில், சாந்தோம் தேவாலயம், கலங்கரை விளக்கம், அடையாறு ஆலமரம் எல்லாவற்றையும் காட்டி, இருட்டுவதற்குள் அலுவலகத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவர்கள் திருப்தி என்று சொல்லிவிட்டால் வேலை எனக்கு.

அன்று பார்த்துப் பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர். நாயன்மார்கள் பல்லக்குகளில் மாட வீதிகளைச் சுற்றிவரும் நாள். பாதிச் சென்னை அங்கேதான் நிற்கும். அந்தப் பக்கமே போகாதே, தூரத்திலிருந்து கோபுரத்தைக் காட்டிவிட்டு நேராக சாந்தோம் போய்விடு என்று முதலாளி படித்துப் படித்துச் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மற்ற வழிகாட்டிகள் கல்லைக் காட்டட்டும், நான் ஊரையே காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

வேனை மந்தைவெளியில் நிறுத்திவிட்டு நடந்தோம். நடந்துகொண்டே சொற்பொழிவைத் தொடங்கினேன். இன்று வீதி நெடுகப் பந்தல் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் நீர்மோரும் சோறும் கொடுப்பார்கள். சாமியின் பெயரால் கொடுப்பது. ஆகவே நீட்டியதை வேண்டாம் என்று மட்டும் சொல்லக் கூடாது. அது சாமியையே வேண்டாம் என்பது மாதிரி. கடைசி வாக்கியத்தைக் குரலை ஏற்றி, ஒரு இடைவெளி விட்டுச் சொன்னேன் (கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தது). ஆறு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். காலமெல்லாம் பிள்ளைகளைச் சொன்ன பேச்சைக் கேட்க வைத்தவர்கள், அன்று என் பேச்சைக் கேட்பது என்று தீர்மானித்துவிட்டார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வழி தெரியும். ஓரிடத்தில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பந்தல்களில் கையைக் குவித்து ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிடுவோம். பிறந்ததிலிருந்து செய்வதை யாராவது எடுத்துச் சொல்வார்களா? நானும் சொல்லவில்லை.

முதல் பந்தலில் நீர்மோர். அடுத்ததில் பானகம். அதற்கடுத்து சுண்டல், புளியோதரை, ரோஸ் மில்க், கேசரி, மறுபடி நீர்மோர், நடுவில் ஆளுக்கொரு பனையோலை விசிறி. ஒவ்வொன்றுக்கும் வரிசையில் நின்று, வாங்கி, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார்கள். அவர்களில் மூத்தவரான ராஜாமணி டீச்சர் மட்டும் எலுமிச்சை சாதத்தின் முன்னால் மூச்சு வாங்கியபடி நின்றார்.

"ஏங் கண்ணு, இதையும் வாங்கியே ஆகோணுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்த டீச்சர் முந்திக்கொண்டார். "சாமி குத்தம்னு புள்ள சொல்லுச்சல்லங்க்கா. பேசாம வாங்குங்க."

அந்த நேரம் பல்லக்குகள் வந்தன. கூட்டம் இரண்டாகப் பிளந்து ஒதுங்கியது. நான் ஒரு பக்கம் அடித்துச் செல்லப்பட்டேன். திரும்பிப் பார்த்தால் ஒரு டீச்சரைக்கூடக் காணோம். போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? இரண்டு கையிலும் தொன்னை.

ஒரு பந்தல் மேடையில், காணாமல் போன குழந்தைகளைப் பற்றி மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் நீந்தி அங்கே போய்ச் சேர்ந்தேன்.

"இன்னாம்மா, கொயந்தய காணமா?" என்றார் மைக் பிடித்திருந்தவர்.

"டீச்சருங்கண்ணா."

"எத்தினி பேரு?"

"ஆறு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணு ரெண்டு தொலையும். மொத்த செட்டையும் தொலைச்சுட்டு வந்து நிக்கிறது நீதாம்மா" என்று மைக்கை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அறிவித்தேன். ஒருவரும் வரவில்லை. மறுபடி அறிவித்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இனி சாந்தோமும் இல்லை, ஆலமரமும் இல்லை, வேலையும் இல்லை என்பது விளங்கிவிட்டது. ஆனால் வீதி முழுக்க ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். டீச்சர்கள் எந்தப் பந்தலில் நின்றாலும் என் குரல் காதில் விழும். எடுத்த காரியத்தை முடிக்காமல் இறங்குவதில்லை என்று மைக்கை இறுக்கிப் பிடித்தேன்.

"கோவை ஆசிரியைகள் கவனத்துக்கு. இந்நேரம் நீங்கள் சாந்தோம் தேவாலயத்தின் முன்னால் நின்றிருக்க வேண்டும். வெள்ளை வெளேரென்ற கோபுரம். உள்ளே புனித தோமாவின் கல்லறை..." அங்கிருந்து கலங்கரை விளக்கத்துக்குப் போனேன். படி ஏற பயப்பட வேண்டாம், லிஃப்ட் இருக்கிறது என்றேன். அப்புறம் அடையாறு. தாய்மரம் புயலில் சாய்ந்த பிறகும் விழுதுகளே மரமாகி நிற்பதைச் சொன்னபோது, கீழே நின்ற கூட்டத்தில் ஒருவர், அங்கே போக எந்த பஸ் என்று கேட்டார். அதையும் மைக்கிலேயே சொன்னேன்.

குரலைப் பிடித்துக்கொண்டு டீச்சர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசியாக வந்த ராஜாமணி டீச்சர் கையில் பெரிய கரண்டி. புளியோதரைப் பந்தலில் பரிமாற ஆள் போதவில்லையாம். "பாவமா இருந்துச்சு கண்ணு" என்றார்.

தி. நகர் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். என்னை விட்டுவிட்டு டீச்சர்களிடம் விசாரித்தார்.

"சாந்தோம் சர்ச் பாத்தேளா?"

"மைக்குல கேட்டோமுங்க" என்றார் ராஜாமணி டீச்சர்.

"அடையாறு ஆலமரம்?"

"அதையும் கேட்டோமுங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு."

வேலை கிடைக்கவில்லை. செய்தி எனக்கு முன்பே குப்பத்துக்குப் போய்விட்டிருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சீப்பு காணோம், செருப்பு காணோம் என்றால் யாரும் தேடுவதில்லை. "மைக்ல சொல்லுடி" என்பாள் அம்மா. கல்யாண வீடுகளில் என்னைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தும் வழக்கமும் நின்றுவிட்டது. டீச்சர்களைத் தொலைத்தவள் என்றால் போதும், எல்லாருக்கும் தெரிகிறது.

போன மாதம் ராஜாமணி டீச்சர் கூப்பிட்டார். கேட்டதையெல்லாம் இப்போது கண்ணால் பார்க்க வேண்டுமாம். ஆறு பேரும் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்கள். எந்த நிறுவனமும் வேண்டாம், நீயே கூட்டிக்கொண்டு போ என்றார். வேன் பேசிவிட்டேன். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஒலிபெருக்கி ஒன்றும் வாங்கிவிட்டேன். இன்று காலை, மீன் ஏலம் முடிந்து கரை காலியானதும், சாந்தோமிலிருந்து ஆலமரம் வரைக்கும் முழுவதையும் ஒரு முறை பேசிப் பார்த்தேன். எவ்வளவு தூரம் கேட்கிறது என்று தெரிய வேண்டுமே, அதற்காக அம்மாவைக் கடைசிப் படகுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்திருந்தேன். கேட்டால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தேன்.

நான் பேசி முடிக்கும்வரை அவள் தூக்கிய கையை இறக்கவில்லை.