ஜப்பான் பொம்மைப் படமும் இருபது ரூபாய் முத்திரைத்தாளும்

ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயில் பூசையில், சாமியார் பிரசங்கத்தின் நடுவே, நான் ஒரு முடிவெடுத்தேன். என் மகள் ஜாய்ஸ் நர்சிங்தான் படிப்பாள். சென்னைக்குப் போய்ப் பொம்மை வரையப் படிக்கமாட்டாள். இது லூர்துராஜ் வாக்கு. பட்டுக்கோட்டை ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறவன் நான். நான் எழுதிய பத்திரத்தை எந்தக் கோர்ட்டும் அசைத்ததில்லை. வீட்டில் நான் சொல்வதை என் மனைவி எல்சி அசைப்பாள். அது வேறு விஷயம்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மச்சான் ரெமிஜியஸ். சிங்கப்பூரில் வெல்டர். வருடா வருடம் லீவில் கோடாலித் தைலம் கொண்டுவருகிற நல்ல மனிதன், இந்த வருடம் ஒரு வி.சி.டி. பிளேயரும் ஒரு பை நிறைய ஜப்பான் படங்களும் கொண்டுவந்து இறக்கினான். பிளஸ் டூ பரீட்சை முடிந்த ஜாய்ஸ், ஏப்ரல் மாதம் அந்தப் படங்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஜூனில்தான் எழுந்தாள். எழுந்தபோது கையில் அனிமேஷன் கல்லூரி விண்ணப்பம் இருந்தது. அனுப்பக் கடைசி நாள் நாளை. அப்பா கையெழுத்து வேண்டும்.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படிப்பின் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. நர்சிங் என்றால் தஞ்சாவூர். சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிப் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். சென்னை என்றால் கிறிஸ்துமசுக்குத்தான் வரும். அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? இதை வெளியே சொன்னால் எல்சி சிரிப்பாள். அதனால் படத்தைத் திட்டினேன்.

“பொம்மைப் படம் ஒரு படமா? அதுக்கு ஒரு படிப்பா?” என்றேன், இட்லிக்கு முன்னால் உட்கார்ந்தபடி.

“அது கார்ட்டூன் இல்லப்பா, அனிமே,” என்று சொல்லிவிட்டு ஜாய்ஸ் கோயிலில் சாயங்காலம் வரை நடக்கிற பாட்டுக்குழு ஒத்திகைக்குப் போய்விட்டாள்.

“நீங்க ஒண்ணாவது பார்த்தீங்களா?” என்றாள் எல்சி.

“பார்க்கணுமா என்ன? அட்டையைப் பார்த்தாலே தெரியுது.”

“அட்டையைப் பார்த்தே பத்திரத்துல வில்லங்கம் இருக்குன்னு சொல்லிருவீங்களா?”

தொழிலைத் தொட்டுவிட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“சரி, பார்க்கிறேன். பார்த்துட்டு, இது பார்க்கத் தகுந்த படம் இல்லைன்னா?”

“நர்சிங்தான். பெட்டியை நானே கட்டுறேன். தகுந்த படம்னா?”

“கையெழுத்துப் போடுறேன்.”

“எழுதிக் குடுங்க.”

யாராவது ‘எழுதிக் குடுங்க’ என்று சொல்லிவிட்டால் எனக்குக் கை அரிக்கும். பையில் ஒரு இருபது ரூபாய் முத்திரைத்தாள் கிடந்தது. இட்லியைத் தள்ளி வைத்தேன். ‘2004-ம் வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதி, நம்மில் 1 இலக்கமிட்ட லூர்துராஜும் 2 இலக்கமிட்ட எல்சியும் சம்மதித்து எழுதிக்கொண்ட உடன்படிக்கை’ என்று ஆரம்பித்தேன். முதல் ஷரத்து: படத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். இரண்டாவது ஷரத்து: தூங்கக் கூடாது. இரண்டாவது எல்சி சொன்னது.

“ரெண்டு தடவை பார்க்கணும்னு போடலாமா?” என்றாள்.

“ரெண்டு தடவையா! அதை எவனாவது ரெண்டு தடவை பார்ப்பானா?”

“பார்த்தா?”

“பார்த்தா, அது பார்க்கத் தகுந்த படம்னு அவனே ஒத்துக்கிட்டான்னு அர்த்தம்.”

“அதையும் போடுங்களேன். பத்திரம் குறையில்லாம இருக்கட்டும்.”

போட்டேன். ‘மேற்படி படத்தை 1 இலக்கமிட்டவர் யாதொரு நிர்ப்பந்தமும் இன்றித் தம் மனப்பூர்வமாக மறுமுறை முழுதும் பார்க்கும் பட்சத்தில், மேற்படி படம் பார்க்கத் தகுந்ததே என ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும்.’ எழுதி முடித்ததும் நானே ஒரு தடவை சத்தமாகப் படித்து ரசித்தேன். பக்கத்து வீட்டு நெய்னா முகம்மது தேங்காய் மண்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினேன். என்ன ஏது என்று கேட்காமல் போட்டார். பழகிய மனிதர்.

பதினொரு மணிக்கு, பையிலிருந்து எல்சி எடுத்துப் போட்ட படம் ஆரம்பித்தது. இரண்டு டிஸ்க். நடுவில் எல்சி எழுந்து மாற்றிப் போட்டாள். பேசியது ஜப்பான் பாஷை. கீழே ஓடிய எழுத்து சீனம். மொத்தப் படத்திலும் எனக்குப் புரிந்த ஒரே சத்தம் தவளைச் சத்தம். முடிந்ததும் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னேன்.

“இது படமா? ஒரு வயல் எழுந்திரிச்சுப் பாய் மாதிரி சுருட்டிக்குது. பஸ்ல ஏறுது. கண்டக்டர் அதுக்கு ஃபுல் டிக்கெட் கிழிக்கிறான்! வயலுக்கு நாலு பக்கம் எல்லை இருக்கு. கிழக்கே வாய்க்கால், மேற்கே அடுத்தவன் நிலம். அது பாட்டுக்குப் பஸ் ஏறிப் போயிருச்சுன்னா நான் எல்லையை எப்படி எழுதுவேன்?”

“கண்ணாடி போட்ட கொக்கு ஒண்ணு ஒத்தைக் கால்ல நின்னு எழுதிக்கிட்டே இருந்துச்சே, அது நல்லாருந்துச்சு,” என்றாள் எல்சி. “உங்க ஜாடை.”

“தலையும் இல்ல, வாலும் இல்ல. ஜாய்ஸ் நர்சிங்!”

எல்சி மறுப்பே சொல்லவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். டிஸ்க்குகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ரெண்டுலயும் சீன எழுத்துதான் இருக்கு. எது ஒண்ணு, எது ரெண்டுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?”

எனக்குப் பொறி தட்டியது. இருபத்திரண்டு வருடத்து மூளை அல்லவா!

“அதானே பார்த்தேன்! நீ ரெண்டாவதை முதல்ல போட்டுத் தொலைச்சிருக்கே! கடைசிப் பக்கத்தை முதல்ல படிச்சா எவனுக்குப் புரியும்?”

“அப்படியா சொல்றீங்க?”

“அப்படித்தான். பக்கம் மாறின பத்திரத்தை வச்சு நான் தீர்ப்புச் சொன்னேன்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது. முறையா, வரிசையாப் பார்ப்போம்.”

“விடுங்க. பிடிக்காததை எதுக்கு இன்னொரு தடவை பார்த்துக்கிட்டு?”

“நீ சும்மா இரு!” என்றேன். அப்படிச் சொல்லி வருடக்கணக்காகிறது. சொல்லும்போது சுகமாக இருந்தது.

சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு, டிஸ்க்கை நானே என் கையால் மாற்றிப் போட்டேன். மண்டியிலிருந்து திரும்பிய நெய்னா பாயையும் இழுத்து உட்கார வைத்தேன். இந்தத் தடவை எல்லாம் பளிச்சென்று புரிந்தது! பட்டணத்தில் ஒரு பெண். மொட்டை மாடியில் அவள் வயலைப் பாய்போல விரித்துப் போட்டிருக்கிறாள். அதன்மேல் மழை கீழிருந்து மேலே பெய்கிறது.

“அண்ணே, மொட்டை மாடி வயலுக்குத் தண்ணி ஏது? மேட்டூர்லயே தண்ணி இல்லையே?” என்றார் நெய்னா பாய்.

“மாடியில டேங்க் இருக்கும் பாய். அதை விடுங்க. வயல்னா வெறும் வயல் இல்ல. அது சொந்த ஊரு. பட்டணம் போனாலும் ஊரு கூடவே வருதுங்கிறான்.”

“அட!” என்றார். எனக்கும் அட என்றுதான் இருந்தது. இவ்வளவு விஷயம் எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது.

அந்தப் பெண் வயலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். திரையில் வரிசையாகப் பெயர்கள் ஓடின.

“படம் முடிஞ்சுபோச்சா அண்ணே?”

“இடைவேளை. ஜப்பான்காரன் நடுவுலதான் பேர் போடுவான்.”

அடுத்த டிஸ்க்கில் அதே பெண், கிராமத்தில், அப்பாவோடு வரப்பில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள்.

“இப்ப எப்படி ஊருக்கு வந்துச்சு?”

“பிளாஷ்பேக் பாய். ஊருக்குத் திரும்பி வர்ற வழியில நினைச்சுப் பார்க்குது.”

கடைசியில் ஒரு ரயில்வே ஸ்டேஷன். ரயில் நிற்கிறது. படிக்கட்டில் அந்தப் பெண், கையில் சுருட்டிய வயலோடு. பிளாட்பாரத்தில் அவள் அப்பா ஒரு கையை உயரத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். ஒரு தவளை கத்துகிறது. படம் அப்படியே நின்றுவிட்டது.

“வந்துட்டா!” என்று நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். “பாருங்க பாய், எங்க சுத்தினாலும் கடைசியில அப்பாகிட்டயே வந்து இறங்கிட்டா!”

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லலாம் என்று திரும்பினால் நெய்னா பாயும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு மகள் மலேசியாவில் இருக்கிறாள்.

எல்சி காபியோடு வந்தாள். தட்டில் காபிக்குப் பக்கத்தில் உடன்படிக்கை. அதன் மேல் விண்ணப்பம். அதன் மேல் பேனா.

“பாய், மூணாவது ஷரத்தைக் கொஞ்சம் படிங்க,” என்றாள்.

நெய்னா பாய் எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘மனப்பூர்வமாக’ என்ற இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் போட்ட சொல். நல்ல அழுத்தமான சொல்.

ஒரு நிமிஷம் ஆடிப்போனேன். ஆனால் கோபம் வரவில்லை. போனால் போகட்டும் என்று தோன்றியது. சென்னை என்ன, ஜப்பானே போகட்டும். பெண் பிள்ளை எங்கே போனாலும் கடைசியில் அப்பா நிற்கிற ஸ்டேஷனில்தான் வந்து இறங்கும். ஜப்பான்காரன் இரண்டு டிஸ்க் போட்டுக் காட்டியிருக்கிறான். பேனாவை எடுத்துக் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டேன்.

“பார்க்கத் தகுந்த படந்தான் எல்சி. என்ன, வரிசையாப் பார்க்கணும்.”

ஐந்து மணிக்கு ஜாய்ஸ் வந்தாள். கையெழுத்தைப் பார்த்தாள். ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு படத்தைப் பத்திரப்படுத்தப் பிளேயரைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

“அப்பா, முதல் டிஸ்க்கையா கடைசியாப் பார்த்தீங்க?”

“கடைசியிலதானேம்மா அந்தப் பொண்ணு ஸ்டேஷன்ல வந்து இறங்குது?”

“இறங்கலப்பா, ஏறுறா. அவங்கப்பா டாட்டா காட்டுறாரு. அதுக்கப்புறந்தானே கதையே!”

நான் எல்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் விண்ணப்பத்தைக் கவரில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“காலையில வரிசையாத்தாங்க போட்டேன்,” என்றாள். “உங்களுக்குத்தான் பிடிக்கல.”